இருநூறு கோடி வரை எண்ணிய இயந்திரம்

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே எரிந்தது. இருபத்திரண்டு வருஷமாகத் துறைமுக அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், குளிர்சாதனம் உறுமும் அறையில், பீரோ உயரத்துக்கு நின்ற மெயின்ஃபிரேம் கணினியைத் தனி ஆளாகக் கட்டி மேய்த்தவள் அவள். வாசல் காவலாளியிலிருந்து மேலாளர் வரைக்கும் "மெஷினம்மா" என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் கணினியை எடுத்துவிட்டுப் புதிது வைக்கப் போகிறார்கள் என்பதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் புதியதை நிறுவ, அதை விற்ற கம்பெனி யாரை அனுப்பியது என்கிறீர்கள்? அவளுடைய ஓரகத்தியை. சொந்தக் கொழுந்தன் பெண்டாட்டியை.

வீட்டில் மேல்மாடியில் குடியிருந்துகொண்டு கண்ணில் உறுத்துவது போதாதாம், அலுவலகத்துக்கும் வந்துவிட்டாள்.

வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் இந்த எரிச்சல் புரியும். மாமியாருக்கு ஒரு மாத்திரை டப்பா உண்டு. ஏழு நாளுக்கு ஏழு அறை, ஒவ்வொன்றிலும் காலை, மதியம், ராத்திரி. பன்னிரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் அதை நிரப்பி வைப்பது பெரியவளின் வேலை. சின்னவள் வந்த மூன்றாவது மாதம் மாமியாரின் போனில் எதையோ தட்டினாள். அன்றிலிருந்து நேரத்துக்கு நேரம் போன் மணியடிக்கிறது, எந்த மாத்திரை என்று படம் காட்டுகிறது. "சின்னவளுக்குக் கை வச்சதெல்லாம் துலங்குது" என்று மாமியார் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள். டப்பாவை இன்னமும் பெரியவள்தான் நிரப்புகிறாள். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சொல்லுங்கள், யாருக்குத்தான் எரியாது?

புதிய இயந்திரத்தின் சாமர்த்தியம் இதுதான். இருப்பது ஒரே பெட்டி. ஆனால் அதற்குள் பத்துக் கணினிகள் தனித்தனியாக இருப்பது போல் பாவனை காட்டும். துறைமுகத்தில் ஓடிய பழைய இயங்குதளத்தை ஒரு வரி மாற்றாமல் அப்படியே தூக்கி அதற்குள் குடிவைத்துவிடலாம். தொழிலில் அதற்குக் 'கெஸ்ட்' என்று பெயர், விருந்தாளி. விருந்தாளிக்குத் தான் வீடு மாறியதே தெரியக் கூடாது. பழைய டிஸ்க், பழைய பிரிண்டர், பழைய பிராசஸரின் எண் என்று அது பார்த்துப் பழகிய எல்லாம் இன்னமும் எதிரில் இருப்பதாக, ஒரு மேல்நிலை மென்பொருள் நாள் முழுக்க அதனிடம் பொய் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தப் பொய்களை ஒரு கோப்பில் வரிவரியாக எழுதி வைப்பதுதான் சின்னவளின் வேலை.

"இவ்வளவு கூசாமப் பொய் சொல்ல எங்கம்மா கத்துக்கிட்டே?" என்று முதல் வாரம் பெரியவள் கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

"விருந்தாளி சந்தோஷமா இருக்கணும்னா நாலு பொய் சொல்லித்தானேக்கா ஆகணும்" என்றாள் சின்னவள். அவளும் சிரித்தாள். இவளுக்கு எதைச் சொன்னாலும் உறைக்காதா, இல்லை உறைத்தும் உறைக்காத மாதிரி இருக்கிறாளா என்று பெரியவளுக்கு அன்றுவரை பிடிபடவில்லை.

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. பழைய இயங்குதளத்துக்கு ஒரு வழக்கம். தினமும் காலை ஆறரைக்கு எழுப்பினால், கறுப்புத் திரையில் இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டுவிட்டு நிற்கும். யாராவது பதில் தட்டும்வரை ஓர் அங்குலம் நகராது. இருபத்திரண்டு வருஷம், காய்ச்சலோ மழையோ, பெரியவள் வந்து தேதியைத் தட்டினால்தான் துறைமுகத்துக்கே பொழுது விடியும். சின்னவள் அதற்கும் ஒரு தானியங்கிப் பதிலை எழுதி வைத்துவிட்டாள். கேள்வி வந்த மறு விநாடி, கோப்பே தேதியைச் சொல்லிவிடும்.

"இனிமே நீங்க விடியக்காலைல ஓடி வர வேண்டாம்கா. நிம்மதியா எட்டு மணிக்கு வாங்க."

பெரியவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "ரொம்ப நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, மறுநாளும் ஆறரைக்கே வந்தாள். தன்னிடம் இத்தனை வருஷம் தேதி கேட்டுக்கொண்டிருந்தது இப்போது அவளுடைய கோப்பிடம் கேட்பதை, கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்று பார்த்தாள். போயும் போயும் ஒரு இயந்திரத்தின் மேல் பொறாமைப்படுகிறோமே என்று தன் மேலேயே கடுப்பும் வந்தது.

அடுத்து வந்ததுதான் வாசல் சீட்டு.

துறைமுகத்தை விட்டு லாரி வெளியே போக வேண்டுமானால் அச்சடித்த சீட்டு வேண்டும். காலையில் கணினி அன்றைய சரக்குப் பட்டியலைப் போட்டு, சீட்டுகளைக் கட்டுக் கட்டாக வாசலில் இருக்கும் பிரிண்டருக்கு அனுப்பும். புதிய இயந்திரத்தில் முதல் சோதனை ஓட்டத்தில் பட்டியல் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு 'பிரிண்டர் தயாரில்லை' என்று திரையில் ஒரு வரி. ஒரு சீட்டும் வரவில்லை. மறுபடியும் ஓட்டினார்கள், மறுபடியும் அதே வரி.

சின்னவள் கேபிளைப் பார்த்தாள், முகவரியைப் பார்த்தாள், கையேட்டைப் புரட்டினாள். "என்னன்னே புரியலைக்கா. உங்களுக்கு ஏதாவது தோணுதா?"

"எனக்கென்னம்மா தெரியும் இந்தப் புது மெஷினைப் பத்தி" என்றாள் பெரியவள்.

தெரியும். முதல் தடவை அந்த வரியைப் பார்த்ததுமே தெரியும். அவளைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது என்பதும் தெரியும்.

பதினேழு வருஷத்துக்கு முன்னால் வாசலுக்கு ஒரு புது பிரிண்டர் வாங்கினார்கள். அது ஒரு தூங்குமூஞ்சி. ஒரு கட்டு அடித்ததும் தூங்கிவிடும், திரும்ப எழுப்பினால் கண் விழிக்க அரை நிமிஷம் ஆகும். கணினிக்கோ பொறுமை கிடையாது. கூப்பிட்ட குரலுக்குப் பதில் இல்லையென்றால் பிரிண்டர் செத்துவிட்டதென்று முடிவு கட்டி அடுத்த வேலைக்குப் போய்விடும். கம்பெனிக்காரர்கள் மூன்று நாள் மல்லாடிவிட்டுக் கையை விரித்தார்கள். வெளியே லாரிகள் கடைத்தெரு முனை வரைக்கும் நின்றன. நிறைமாத வயிற்றோடு பெரியவள் ஒரு மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரத்தில் சீட்டு வர ஆரம்பித்தது. மறுநாள் அவளுக்குப் பெண் பிறந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் குழந்தையைப் பார்த்ததைவிட அவளைப் பார்த்து வியந்ததுதான் அதிகம். மெஷினம்மா என்ற பெயர் அன்றைக்கு வந்தது. எப்படிச் சரி செய்தாய் என்று கேட்டவர்களிடமெல்லாம், "அது ஒரு சின்ன வேலைதான்" என்று சொல்லிச் சிரித்தாள். அது அடக்கம் என்று நினைத்தார்கள். அடக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. அதுதான் உண்மை.

முறையாகச் செய்வதென்றால், அரை நிமிஷம் கழித்து எழுப்பு என்று கணினியின் கடிகாரத்திடம் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவளுக்கு அது தெரியாது. கையேட்டில் தேட இடுப்பு வலி விடவில்லை. அதனால் ஒவ்வொரு கட்டுக்கும் முன்னால், ஒன்றிலிருந்து இருநூறு கோடி வரைக்கும் எண்ணு என்று இயந்திரத்திடம் சொல்லிவிட்டாள். அது எண்ணி முடிப்பதற்குள் அரை நிமிஷம் ஓடிவிடும், பிரிண்டரும் விழித்துவிடும். கற்றுக்குட்டிகூட செய்யக் கூசுகிற வேலை. சரியான முறையை இரண்டு வருஷத்தில் கற்றுக்கொண்டாள். ஆனால் அந்த வரியைத் தொட்டால் ஏன் தொட்டாய் என்று யாராவது கேட்பார்களே. அப்படியே விட்டுவிட்டாள். இப்போது புது இயந்திரம் இருநூறு கோடியை மூன்றே விநாடியில் எண்ணித் தள்ளிவிட்டு, தூங்குகிற பிரிண்டரைப் பார்த்துச் செத்துவிட்டது என்கிறது.

வாயைத் திறந்து சொன்னால் பதினேழு வருஷத்துப் பெயர் போய்விடும். புது இயந்திரம் ஜோராக ஓடும், சின்னவள் கொடி கட்டிப் பறப்பாள், தன்னைக் கீழ்த்தளத்துப் பழைய கோப்பு அறைக்கு அனுப்பிவிடுவார்கள். சொல்லாவிட்டால்? பெரியவள் சொல்லவில்லை. சின்னவள் தலையைப் பிய்த்துக்கொள்வதை இரண்டு நாள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். மறைப்பானேன், அந்த இரண்டு நாளும் டீ கொஞ்சம் கூடுதலாகவே இனித்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் சீட்டுகள் கடகடவென்று வர ஆரம்பித்தன.

"எப்படிம்மா சரி பண்ணினே?" பெரியவள் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஒரு சின்ன செட்டிங்தான்கா" என்றாள் சின்னவள், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. சீட்டு ஒன்றுகூடத் தப்பாக வரவில்லை. ஆனால் ஒரு விசித்திரம். ஒன்பது மடங்கு வேகம் என்று சொல்லி வாங்கிய இயந்திரம், காலை வேலையை முடிக்கப் பழையதைப் போலவே இரண்டேகால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. மேலாளர் முணுமுணுக்க ஆரம்பித்தார். வாசல் அதிகாரி நேராகவே கேட்டார். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் சின்னவள் பதில் சொல்ல வேண்டும் என்று ஆயிற்று.

வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்குப் பெரியவள் தன் திரையில் சின்னவளின் கோப்பைத் திறந்தாள். அதைப் பார்ப்பதற்கு மட்டும்தான் அவளுக்கு அனுமதி, எழுத முடியாது. ஏதாவது ஓட்டை அகப்படுமா என்று தேடத்தான் திறந்தாள். அகப்பட்டது. விருந்தாளிக்கு ஒரு பிராசஸரில் நூற்றுக்குப் பதினொரு பங்குக்கு மேல் தராதே என்று ஒரு வரம்பு. அட பைத்தியமே, குதிரையை வாங்கிக் காலைக் கட்டி வைத்திருக்கிறாயே என்று பெரியவளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. எல்லோர் முன்னாலும் மெல்லக் கேட்க வேண்டும்: "இந்த வரம்பு எதுக்கும்மா?" எந்தக் குரலில் கேட்பது என்றுகூட யோசித்துவிட்டாள்.

அப்போதுதான் வரம்புக்குக் கீழே இருந்த குறிப்பைப் படித்தாள். கோப்பில் மற்ற குறிப்பெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. இது ஒன்று மட்டும் தமிழில், ஆங்கில எழுத்துகளில். 'சீட்டு புரோகிராம் 412ஆவது வரி எண்ணுகிறது. அதற்காக வேகத்தைக் குறைத்திருக்கிறேன். எழுதியவர் தானாகச் சொல்லும்வரை அந்த வரியை யாரும் தொடக் கூடாது.' பக்கத்தில் தேதி. மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி.

பெரியவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து மறுபடியும் படித்தாள். அந்த வரிக்குப் பக்கத்தில் பதினேழு வருஷத்துக்கு முன்னால் போட்ட தன் முதலெழுத்துகள் இருப்பது நினைவுக்கு வந்தது. மூன்று வாரமாக இவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஒரே மேஜையில் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள், "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்கக்கா" என்று பரிமாறியிருக்கிறாள், ஒரு தடவைகூட முகத்தில் காட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். ஊரைக் கூட்டிச் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். இவள் பரிதாபப்பட்டிருக்கிறாள். அதை நினைக்க நினைக்கப் பெரியவளுக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது.

கூட்டம் பத்து மணிக்கு. நீள மேஜை, மேலாளர் ஒரு முனையில், வாசல் அதிகாரி அவருக்குப் பக்கத்தில், சின்னவள் எதிரில். பெரியவள் கதவோரத்து நாற்காலியில்.

"ஒன்பது மடங்குன்னு சொன்னீங்க" என்றார் மேலாளர். "ஒரு மடங்கையே காணோம்."

"அது நான் வச்ச வரம்பு சார். பழைய சிஸ்டத்துக்குப் பாதுகாப்பா இருக்கட்டும்னு வச்சேன்."

"சரி, எடுத்துடுங்க."

"இப்போதைக்கு எடுக்க முடியாது சார்."

"ஏன்?"

சின்னவள் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினாள். பெரியவளின் பக்கம் திரும்பவேயில்லை. "என் திட்டத்துல ஒரு தப்பு நடந்துபோச்சு. எனக்கு இன்னும் கொஞ்சம் டைம் வேணும்."

"டைம் கேட்டுக் கேட்டே மாசம் ஓடிடுச்சும்மா. நான் உங்க கம்பெனிக்கு எழுதிடறேன். வேற யாரையாவது அனுப்பச் சொல்றேன்."

பெரியவள் எதற்கு ஆசைப்பட்டாளோ அது தட்டில் வைத்து முன்னால் நீட்டப்பட்டிருந்தது. சும்மா இருந்தால் போதும். சின்னவள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பையை எடுத்துக்கொண்டு போவாள். பழைய இயந்திரம் இன்னும் ஒரு வருஷமாவது ஓடும். காலை ஆறரைக்குத் தேதி கேட்கும். பெரியவள் பதில் சொல்வாள்.

ஆனால் அதற்குப் பிறகு? ஆயுசு முழுக்க வீட்டில் அதே சாப்பாட்டு மேஜையில் அதே எதிர் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருப்பாள், 'அக்காவுக்காக விட்டுக்கொடுத்தவள்' என்று. யாரிடமும் சொல்லமாட்டாள், அந்தப் பாவி. சொல்லாமலேயே பெரிய மனுஷியாக உட்கார்ந்திருப்பாள். மாமியார் மனசை வாங்கிக்கொண்டாள், வீட்டை வாங்கிக்கொண்டாள், இயந்திரத்தை வாங்கிக்கொண்டாள். பெருந்தன்மையையும் இவளே வாரிக்கொண்டு போவதா? அதை மட்டும் பெரியவளால் தாங்க முடியவில்லை.

"வரம்பு வச்சது அவ தப்பில்ல சார்" என்றாள். தன் குரல் அத்தனை சத்தமாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. "என் தப்பு."

எல்லோரும் கதவோரம் திரும்பினார்கள். பெரியவள் எழுந்து நின்று சொன்னாள். தூங்கும் பிரிண்டர், இடுப்பு வலி, தெரியாத கடிகாரம், இருநூறு கோடி. ஒன்றையும் விடவில்லை. சோதனையில் முதல் நாளே எனக்குத் தெரியும், வேண்டுமென்றேதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

வாசல் அதிகாரி நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"இருநூறு கோடியா?" என்றார் வாசல் அதிகாரி. "தினமும் காலைல லாரிக்காரங்க என்னைத் திட்டுவாங்க. இது உள்ள உக்காந்து எண்ணிக்கிட்டா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். மேலாளரும் சிரித்தார். பதினேழு வருஷத்துப் பெயர் அந்தச் சிரிப்பில் போயிற்று. பெரியவள் கதவோரத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னவள் மட்டும் சிரிக்கவில்லை.

சிரித்து முடித்த மேலாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இருந்தாலும் மேடம், நாலு பேர் முன்னாடி தன் தப்பை இப்படி எழுந்து சொல்ற மனசு லேசுல யாருக்கும் வராது. நான் என் சர்வீஸ்ல பார்த்ததில்ல" என்றார். வாசல் அதிகாரி ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

பெரியவள் எதேச்சையாகச் சின்னவளைப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கியிருந்தது. ஒரு நொடிதான், உதட்டோரத்தில் சின்னதாக ஒரு கோணல், கண்ணில் ஒரு புகைச்சல், உடனே சரி செய்துகொண்டுவிட்டாள். வேறு யார் கண்ணிலும் பட்டிருக்காது. பெரியவளுக்கா தெரியாது? எத்தனை வருஷமாகக் கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம் அது. மூன்று வாரம் வாயைக் கட்டிக்கொண்டு சேர்த்து வைத்த பெருந்தன்மையை ஒரே நிமிஷத்தில் தட்டிக்கொண்டு போய்விட்டாளே என்கிற முகம்.

அட, உனக்கும் எரியுமா? பெரியவளுக்கு அவள் மேல் முதல் தடவையாக ஒரு பிரியம் வந்தது.

கூட்டம் முடிந்ததும் இருவரும் அறைக்கு வந்தார்கள். சின்னவள் கோப்பில் எழுதும் அனுமதியைப் பெரியவளுக்கும் போட்டாள். பெரியவள் சீட்டு புரோகிராமின் 412ஆவது வரியை எடுத்துவிட்டு, கடிகாரத்திடம் சொல்கிற ஆறு வரிகளை எழுதினாள். பத்து நிமிஷ வேலை. சின்னவள் வரம்பைத் தூக்கினாள். பிரிண்டர் விழிக்கக் காத்திருக்கும் நேரத்தில் மற்ற வேலைகள் ஓட, இரண்டேகால் மணி நேரத்து வேலை முப்பத்தைந்து நிமிஷத்தில் முடிந்தது.

"ஏன்கா சொன்னீங்க?" என்றாள் சின்னவள் கடைசியில். "நான் எப்படியாவது சமாளிச்சிருப்பேன்ல."

"அதனாலதான் சொன்னேன்" என்றாள் பெரியவள்.

திங்கட்கிழமை பழைய இயந்திரத்தின் மின்சாரத்தைத் துண்டித்திருந்தார்கள். கோப்பு அறைக்குப் போகும் உத்தரவு இன்றைக்கோ நாளைக்கோ வரும். இருந்தாலும் காலை ஆறரைக்குப் பெரியவள் வந்தாள், பழக்கதோஷம். விளக்கைப் போட்டாள். புதிய இயந்திரத்தின் திரையில் ஒரு வரி நின்றுகொண்டிருந்தது. இன்றைக்கு என்ன தேதி? நின்றது நின்றபடி இருந்தது, பதில் போகவில்லை. தானியங்கி கெட்டுப்போய்விட்டதா என்று பதறி அவள் கோப்பைத் திறந்தாள். கெட்டுப்போகவில்லை. சின்னவள் அந்த வரியையே எடுத்திருந்தாள். அங்கே ஒரு குறிப்பு மட்டும், அதே தமிழில்: 'தேதியை அக்காதான் சொல்ல வேண்டும்.' கீழே மேலாளரின் ஒப்புதல் எண். உத்தரவு வராது என்பதற்கு அதுதான் அர்த்தம்.

பெரியவளுக்குக் கண் கலங்கியது. கலங்கிய கையோடு வயிறும் பற்றிக்கொண்டு எரிந்தது. பாவி, சனி ஞாயிறு இரண்டு நாளைக்குள் திரும்ப முந்திக்கொண்டாளே.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். இப்போதுதான் தனக்கும் அந்தக் கோப்பில் எழுத அனுமதி இருக்கிறதே. குறிப்புக்குக் கீழே ஒரு வரி சேர்த்தாள்: 'அக்கா வராத நாளில் தங்கச்சி சொல்வாள். வேறு யாரும் சொல்லக் கூடாது.' ஓரகத்தி என்று எழுதத்தான் போனாள், கை தங்கச்சி என்று அடித்துவிட்டது, அழிக்கவில்லை. இதைப் பார்க்கும்போது அவள் முகம் எப்படிச் சுருங்கும் என்று நினைத்துக்கொண்டே தேதியைத் தட்டினாள்.